கடைமடை நியாயம்: மாற்றுத்திறனாளிகளுக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?

மதுரையில் காலநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டம் போட்டால் பேச்சு கண்மாய் ஆக்கிரமிப்பு, சீமைக் கருவேலம், குவாரி, வைகையில் கலக்கும் சாக்கடை என்று போகும். மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் கூட்டம் என்றால் உதவித்தொகை, அடையாள அட்டை, ஸ்கூட்டர், வேலையில் ஒதுக்கீடு. இந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாராவது எடுத்துச் சொன்னால், "ஆமாமா, வெள்ளம் வந்தா பாவம், அவங்கதான் ரொம்பக் கஷ்டப்படுவாங்க" என்று ஒரு பதில் வரும். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கஷ்டப்படுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. கஷ்டத்துக்குக் காரணம் அவர்களுடைய உடம்பு, அதற்கு மற்றவர்கள் செய்யக்கூடியது இரக்கப்படுவது மட்டும்தான் என்ற முடிவு. அது ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் 'காலநிலை நீதி', 'மாற்றுத்திறனாளி நீதி' என்ற இரண்டு சொற்களும் எங்கே ஒன்று சேர்கின்றன என்பது தானாகவே விளங்கிவிடும். இந்தச் சொற்களை இதுவரை கேள்விப்படாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

## கடைமடை வயல்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மதுரை மாவட்ட வயல்களுக்குப் போகிறது. கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அங்கேயும் கிளைக் கால்வாயின் கடைசியில் சில வயல்கள் இருக்கும். அதைத்தான் கடைமடை என்கிறோம்.

அணையில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருடம் முதலில் காய்வது கடைமடை. முறை வைத்துத் திறந்தாலும் தண்ணீர் அங்கே வந்து சேர்வதற்குள் மேலே மடையை அடைத்துவிடுவார்கள். சரி, மழை அடித்து ஊற்றுகிற வருடத்திலாவது அவர்களுக்கு நல்லது நடக்குமா என்றால், அதுவும் இல்லை. மேலே உள்ள கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாயும்போது அத்தனை தண்ணீரும் இறங்கி வந்து நிற்பது தாழ்வான அந்த வயல்களில்தான். ஆக, பஞ்சத்தில் முதலில் காய்கிறது, வெள்ளத்தில் முதலில் அழுகுகிறது. அந்த வயலின் மண்ணில் ஒரு குறையும் கிடையாது. தலைமடையில் உள்ள மண்ணும் அதே மண்தான். கால்வாயை வெட்டியவர்கள் அதை எந்த இடத்தில் வைத்தார்கள், தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் அந்த விவசாயிக்குப் பேச இடம் இருந்ததா என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு நீதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## காலநிலை நீதி

கரியமில வாயு கூடக் கூட பூமி சூடாகிறது என்பது இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது என்று ஐபிசிசி என்கிற ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு கணக்கிட்டிருக்கிறது. ஒரு டிகிரி என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் தங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அதனால் வெயிலும் உக்கிரமாகிறது, பெய்கிற மழையும் மொத்தமாகக் கொட்டுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரே ஒரு மழையைக் காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படிப்பட்ட மழைக்கு ஏற்ற காற்று உருவாகிவிட்டது என்று சொல்லலாம்.

இந்தச் சூட்டுக்கு எல்லோரும் ஒரே அளவில் காரணமா? இல்லை. ஓர் அமெரிக்கருடைய கணக்கில் வருடத்துக்குச் சராசரியாக 14 டன் அளவுக்குக் கரியமில வாயு சேர்கிறது. ஓர் இந்தியரின் கணக்கில் சுமார் 2 டன். இந்தியாவுக்குள்ளேயும் ஏசி அறையும் காரும் உள்ளவரின் கணக்கு வேறு, உசிலம்பட்டிப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவின் கணக்கு வேறு. ஆனால் வெயில் அடிக்கும்போது அது முதலில் அந்த அம்மாவின் தலையில்தான் இறங்குகிறது. சூட்டை அதிகம் உண்டாக்கியவர்கள் குறைவாகவும், கொஞ்சம்கூட உண்டாக்காதவர்கள் அதிகமாகவும் அடிபடுகிற இந்த அநியாயத்தைச் சரிசெய்யக் கேட்பதுதான் காலநிலை நீதி. 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையிலேயே பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்ற கொள்கை எழுதப்பட்டிருக்கிறது.

## மாற்றுத்திறனாளி நீதி

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். கூரை எரியும்போது எழுந்து ஓட வேண்டும் என்பது மனநோய் இருப்பவருக்கும் தெரியும். அவர்களால் ஓட முடியாமல் போனதற்குக் காரணம் நோய் கிடையாது. சங்கிலிதான் காரணம்.

இது காலநிலைப் பேரிடர் இல்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டியதில் பாதி இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. உடம்பிலோ மனதிலோ இருக்கிற பாதிப்பு ஒன்று. அந்தப் பாதிப்பைக் கணக்கில் எடுக்காமல், அல்லது அதற்கு எதிராகவே, நாம் போட்டு வைத்திருக்கிற ஏற்பாடு இன்னொன்று. ஒருவர் செயல்பட முடியாமல் போவதில் பெரும்பங்கு இரண்டாவதுக்கு உண்டு என்று பார்ப்பதை 'சமூகப் பார்வை' என்பார்கள். கடைமடையின் மண்ணைக் குறை சொல்லாமல் கால்வாயைப் பார் என்பது மாதிரி.

இந்தப் பார்வையிலிருந்துதான் உரிமைச் சட்டங்கள் வந்தன. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் வந்தது, இந்தியா 2007இல் அதை ஏற்றது, 2016இல் நம் சட்டம் வந்தது. உரிமை கிடைத்தபிறகு நீதி என்று தனியாக எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தில் உரிமை இருந்தாலும் அது எல்லோருடைய கைக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. நகரத்தில், படித்த, வசதியான குடும்பத்தில் உள்ள பார்வையற்ற ஆணுக்கும், கண்மாய்க் கரைக் குடியிருப்பில் வாழும், நடக்க முடியாத தலித் பெண்ணுக்கும் சட்டம் ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றில்லை. சாதி, வருமானம், ஆண் பெண் என்ற வித்தியாசம், இருக்கும் ஊர் என எல்லாம் சேர்ந்து அழுத்துவதைச் சேர்த்தே பார்க்க வேண்டும், அந்த அழுத்தத்தை நன்கு அறிந்தவர்களே முன்னால் நின்று வழிகாட்ட வேண்டும் என்பதுதான் மாற்றுத்திறனாளி நீதி. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 2005 வாக்கில் பேட்டி பெர்ன், மியா மிங்கஸ், ஸ்டேசி மில்பர்ன் போன்ற மாற்றுத்திறனாளிச் செயல்பாட்டாளர்கள் இதை ஒரு கொள்கையாக வடித்தார்கள்.

எண்ணிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அந்தக் கணக்கு எடுத்தபோது சட்டத்தில் 7 வகைப் பாதிப்புகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21 வகைகள். உலகில் ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் எங்கோ ஒருவர் இருவரைப் பற்றிய பேச்சாக இதை நினைக்க வேண்டாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், காலநிலை நீதி என்பது சூட்டை உண்டாக்கியவர் யார், அடிபடுகிறவர் யார் என்ற கேள்வி. மாற்றுத்திறனாளி நீதி என்பது ஒருவரை இயலாமல் ஆக்குவது அவருடைய உடம்பா, மற்றவர்கள் போட்ட ஏற்பாடா என்ற கேள்வி. இரண்டுமே ஆளை விட்டுவிட்டுக் கால்வாயைப் பார்க்கச் சொல்கின்றன.

## வெயில் ஒன்று, உடம்பு வேறு

இப்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மதுரைக்காரர்களுக்கு வெயிலில் ஆரம்பிப்பதுதான் பொருத்தம்.

உடம்பு தன் சூட்டை 37 டிகிரி அளவில் வைத்திருக்க இரண்டு வேலைகள் செய்கிறது. ரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்பி, உள்சூட்டை வெளியே கொண்டுவருகிறது. அப்புறம் வியர்க்க வைக்கிறது. வியர்வை காயும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெளிக்காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால் முதல் வழி பலிக்காது, வியர்வை ஒன்றுதான் கதி. சித்திரையிலும் வைகாசியிலும் மதுரையில் 40 டிகிரியைத் தொடும் மதியங்களில் நாம் எல்லோரும் வியர்வையின் தயவில்தான் உயிரோடு இருக்கிறோம்.

வியர்க்கவே முடியாதவர் என்ன செய்வார்? கிணற்றில் விழுந்தோ, மரத்திலிருந்து விழுந்தோ, விபத்திலோ தண்டுவடம் முறிந்தவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேராது. கை கால் அசையாது என்பது மட்டும் நமக்குத் தெரியும். அந்தப் பகுதி வியர்க்காது, ரத்தக் குழாய் விரியாது என்பது பலருக்குத் தெரியாது. கழுத்துக்குக் கீழே உணர்வற்றவருக்கு உடம்பில் பெரும்பகுதி வியர்வை இல்லாமல் கிடக்கும். அவர் படுத்திருப்பது சிமென்ட் ஷீட் போட்ட வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணிக்கே ஷீட் கொதிக்க ஆரம்பிக்கும். வீட்டில் மற்றவர்கள் எழுந்து வாசலில் உள்ள வேப்பமர நிழலுக்குப் போய்விடலாம். அவர் போக முடியாது. மின்விசிறி ஓடுகிறதே என்பார்கள். வியர்க்காத தோலின் மேல் வீசும் சூடான காற்று அடுப்புக் காற்றுதான். ஈரத்துணியால் துடைப்பதும், தண்ணீர் தெளித்துவிட்டு அதன் மேல் காற்று பட வைப்பதும்தான் அவருக்கு உதவும். அதைச் செய்ய பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் மதியம் வேலைக்குப் போயிருப்பார்.

தொழுநோயிலிருந்து குணமானவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்து கொப்புளம் போட்டபிறகு, கண்ணால் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். செயற்கைக் கால் போட்டவர்களுக்கு அந்தக் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கித் தோல் உரிந்துவிடும். வெயில் காலத்தில் காலைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு லீவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனநலச் சிகிச்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் ஆபத்து. பங்குனியிலேயே மருத்துவரிடம் போய், "வெயில் காலம் வருது, இந்த மாத்திரையோட எப்படி இருக்கணும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இன்னொன்று. திருமங்கலத்திலிருந்தோ பேரையூரிலிருந்தோ ஒரு வேலையாக மதுரைக்கு வருகிற, வீல்சேரிலோ மூன்று சக்கர சைக்கிளிலோ உள்ள பெண்களிடம் பேசிப் பாருங்கள். காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். "தண்ணி குடிங்கக்கா" என்று நீட்டினால், "வேணாம்ப்பா, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கணும்ல" என்பார்கள். அவர்கள் போகக்கூடிய கழிப்பறை வழியில் எங்கும் இல்லை. கதவு குறுகலாக இருக்கும், வாசலில் இரண்டு படி இருக்கும், உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. வெப்ப அலை எச்சரிக்கையில் முதல் வரியே 'அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்' என்பது. அந்த அறிவுரையைப் பின்பற்ற முடியாமல் செய்வது அவருடைய கால் கிடையாது, அந்த இரண்டு படி. வெயில், உடம்பு, படி மூன்றும் சேர்கிற இடத்தில்தான் ஆபத்து பிறக்கிறது. படியை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் அப்படியே இருந்தாலும் ஆபத்து குறையும்.

வெயில் அதிகம் பழக்கமில்லாத கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 2021 கோடையில் வந்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 சதவீதம் பேர் வீட்டுக்குள், கட்டடத்துக்குள் இறந்தவர்கள். பாதிக்கு மேல் தனியாக வாழ்ந்தவர்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட மிக அதிகமாக இறந்திருந்தார்கள். வெயிலில் வெளியே போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

## முழங்கால் அளவு தண்ணீர்

2024 அக்டோபர் 25 மதியம் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். பந்தல்குடி வாய்க்கால் பெருக்கெடுத்தது. இப்படிப்பட்ட நாட்களில் நாம் சாதாரணமாகச் சொல்வது, "பயப்படாதீங்க, முழங்கால் அளவுதான் தண்ணி." யாருடைய முழங்கால்? தவழ்ந்து நகர்கிறவருக்கு அது கழுத்தளவு. உயரம் குறைந்தவருக்கு இடுப்பளவு. ஊன்றுகோலில் நடப்பவருக்கு ஆழம்கூடப் பெரிதில்லை, தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே என்று தெரியாமல் கோலை ஊன்றினால் அத்தோடு சரி. பேட்டரி வீல்சேரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரும் தண்ணீர் புகுந்தால் நின்றுவிடும். பல ஆயிரம் ரூபாய் பொருள் போனதோடு முடியவில்லை, அது திரும்பக் கிடைக்கும்வரை அவருடைய வேலையும் வருமானமும் நின்றுபோகும்.

வெள்ளத்திலிருந்து தப்பிப்பது ஒரே செயல் மாதிரித் தோன்றும். உண்மையில் அது பல கண்ணிகள் கோத்த ஒரு வரிசை. முதலில் எச்சரிக்கை வந்து சேர வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தால் காது கேளாதவருக்குச் சேராது. தொலைக்காட்சியில் வண்ண வரைபடம் காட்டி "இந்தப் பகுதிக்கு ரெட் அலர்ட்" என்றால் பார்வையற்றவருக்குச் சேராது. சேர்ந்தாலும் புரிய வேண்டும், அறிவுசார் பாதிப்பு உள்ளவருக்கு எளிய சொற்களில், தெரிந்த ஆள் மூலம் சொன்னால்தான் புரியும். புரிந்தாலும் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். இறங்கினாலும் வண்டியில் ஏற வேண்டும், ஏறினாலும் போய்ச் சேரும் முகாம் படி ஏறிப் போகிற கல்யாண மண்டபமாக இருக்கக் கூடாது. ஒரு கண்ணி அறுந்தால் மற்ற எல்லாமும் வீண்.

பணக்கார நாட்டில் இதெல்லாம் நடக்காது என்றும் நினைக்க முடியாது. 2021 ஜூலையில் ஜெர்மனியில் ஆர் என்ற ஆறு பெருக்கெடுத்தபோது சின்சிக் என்ற ஊரில், மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் 12 பேர் இரவில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் தரைத்தளத்தில் இருந்தவர்கள். மாடியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த நாட்டில் பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் பஞ்சமில்லை. இரவு நேரத்தில் தண்ணீர் வந்தால் இவர்களை யார், எப்படி மேலே கொண்டுபோவது என்ற ஏற்பாடுதான் வேலை செய்யவில்லை.

ஆக, வெயிலோ வெள்ளமோ, இயற்கை ஒரே மாதிரி வந்தாலும் அது யாரை அடிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது படிக்கட்டு, கூரை, கழிப்பறை, மைக், முகாம் போன்ற மனிதர் செய்த ஏற்பாடுகள். காலநிலை மாற்றம் அடியின் வேகத்தைக் கூட்டுகிறது. ஏற்பாடு அதை யார் மேல் திருப்புவது என்று முடிவு செய்கிறது.

## பாதிப்பு பெருகும் வழி

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காலநிலை மாற்றம் ஏற்கெனவே மாற்றுத்திறனாளியாக உள்ளவர்களை மட்டும் பாதிப்பதில்லை, புதிதாகப் பலரை அந்த நிலைக்குக் கொண்டுவருகிறது. தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் தொடர்ச்சியான வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகின்றன. கடும் வெயில் குறைப்பிரசவத்தோடு தொடர்புள்ளது என்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பார்வை, வளர்ச்சிப் பாதிப்புகள் வரும் வாய்ப்பு அதிகம். மழை பொய்த்து, கடன் ஏறி, செங்கல் சூளைக்குப் போகிற குடும்பம் கூட்டிப்போக முடியாத பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் பிள்ளையின் பயிற்சியும் சிகிச்சையும் அன்றோடு நிற்கின்றன.

தமிழ்நாடு அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் ₹2,000 பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அந்தப் பணம் உண்மையிலேயே உதவியாக இருக்கிறது. ஆனால் கோடையில் கூடும் மின்கட்டணம், தண்ணீர் கேன், படுக்கைப் புண்ணுக்கு மருந்து என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால் மே மாதத்தில் அது பத்தாது. வெயிலுக்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலை எல்லோருக்கும் ஒன்றில்லை.

## தீர்வே தடையாகும்போது

சுற்றுச்சூழல் ஆர்வலர்களிடம் நான் அதிகம் வாதாடியது இந்த இடத்தில்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. உறிஞ்சு குழலும் அதில் சேர்ந்தது. தடை சரியானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கு வளைகிற பிளாஸ்டிக் குழல் ஒரு சொகுசு கிடையாது, தண்ணீர் குடிக்கும் வழி. காகிதக் குழல் வாயில் ஊறிக் கரைந்துவிடும். எவர்சில்வர் குழல், தசை இழுத்துக் கடித்தால் பல்லை உடைக்கும். தேவைப்படுகிறவர்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கட்டும் என்று ஒரு வரி சேர்ப்பதால் வைகைக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்ல அந்த மேசையில் ஆள் இருக்க வேண்டும்.

மற்றதும் இப்படித்தான். வண்டிகள் வராத தெரு நல்லது, ஆனால் நடக்க முடியாதவருடைய ஸ்கூட்டருக்கும் சேர்த்து மறித்துக் குறுக்கே கல் நட்டால் அந்தத் தெரு அவருக்கு இல்லை. நடைபாதை நடுவில் மேடை கட்டி மரம் நட்டால் பார்வையற்றவரின் வெள்ளைக்கோல் அதில் இடிக்கும். கண்மாய்க் கரையிலிருந்து குடும்பங்களை அகற்றி நகரத்துக்கு வெளியே லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் வைத்தால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சிறையில் வைத்தது போல் ஆகும். பேருந்தை மின்சாரத்துக்கு மாற்றினால் மட்டும் போதாது, அது தாழ்தளமாகவும் இருந்தால்தான் எல்லோரும் ஏறுகிற பேருந்து. அப்படி ஏற முடிகிறவர் தனி ஆட்டோ பிடிக்க மாட்டார், புகையும் குறையும். இரண்டு நீதியும் ஒரே செலவில் கிடைக்கிற இடங்கள் இவை.

2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், இஸ்ரேலின் எரிசக்தி அமைச்சர் கரீன் எல்ஹரார் வீல்சேரில் வந்து ஒரு நாள் அரங்குக்குள் நுழைய முடியாமல் திரும்ப நேர்ந்தது. ஓர் அமைச்சருக்கே அந்த நிலை. அந்த மாநாடுகளில் விவசாயிகள், பெண்கள், இளைஞர்கள், தொழிற்சங்கங்கள், பழங்குடிகள் என்று 9 பிரிவுகளுக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையில் அவர்கள் பெயர் வருகிறது, அவ்வளவுதான்.

## சட்டம் நம் பக்கம் இருக்கிறது

நம்பிக்கை தரும் செய்தி என்னவென்றால், கேட்பதற்கான சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு பேரிடர் பற்றியது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேடாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. பேரிடருக்குப் பிறகு திரும்பக் கட்டும்போது அவர்களும் பயன்படுத்தும்படி கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இனி வெயிலும் 8ஆம் பிரிவுக்குள் வர வேண்டும் என்று கேட்க நமக்கு வழி கிடைக்கிறது. இதைப் பலர் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதே 2024இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. மார்ச்சில், ரஞ்சித்சின் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து பாதுகாப்பு பெறுவது அரசியல் சாசனம் தரும் உரிமை என்றது. நவம்பரில், ராஜீவ் ராத்தூரி வழக்கில், கட்டடங்களும் சேவைகளும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருப்பது வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாய விதியாக வேண்டும் என்றது. இரண்டையும் தனித்தனி வழக்குகளாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். சாய்தளம் இல்லாத வெள்ள முகாமை வைத்து யோசித்தால் அது இரண்டு தீர்ப்புகளையும் ஒரே நேரத்தில் மீறுகிறது.

## பட்டியலும் நாற்காலியும்

பதிவேடு என்றால் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போதாது. வெள்ளம் வரும் இரவில் கையில் எடுத்தால் பயன்படுகிற மாதிரி இருக்க வேண்டும். இவர் எந்தத் தளத்தில் தூங்குகிறார், தூக்க எத்தனை ஆள் வேண்டும், எந்த மாத்திரை தினமும் வேண்டும், மின்சாரத்தில் ஓடும் கருவி ஏதாவது உண்டா, செய்தியைச் சைகையில் சொல்ல வேண்டுமா, குறுஞ்செய்தியா, நேரில் கதவைத் தட்ட வேண்டுமா, பக்கத்து வீட்டில் சாவி வைத்திருப்பவர் யார். இதை வெளியூர் அலுவலரைவிட அந்தத் தெருவில் உள்ளவர்கள்தான் சரியாக நிரப்ப முடியும், அதுவும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு. பட்டியல் யாரிடம் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதையும் அப்போதே பேசி வைத்துவிட வேண்டும். தனியாக வாழும் பெண்களின் விவரம் ஊர் முழுக்கச் சுற்றக் கூடாது.

அப்புறம் நாற்காலி. 2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. ஊராட்சியிலிருந்து மாநகராட்சி வரை இது பொருந்தும். குடிமராமத்து, மழைநீர் வடிகால், தண்ணீர்ப் பந்தல், நிழற்குடை எல்லாம் முடிவாகும் இடம் இந்த மன்றங்கள்தான். அதாவது, தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் கடைமடைக்காரருக்கு ஓர் இடம். அந்த உறுப்பினர் உதவித்தொகை பற்றி மட்டும் பேசுவார் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கலாம். வடிகால் டெண்டர் பற்றியும் அவரிடம் கருத்துக் கேட்பதுதான் சரி. நடைபாதையின் உயரம் எத்தனை அங்குலம் இருந்தால் சக்கரம் ஏறும் என்பது அந்த மன்றத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் மே 1 அன்றும் கிராம சபை கூடுகிறது. முதலாவது கோடைக்கு முன்னால் வருகிறது, இரண்டாவது கோடையின் நடுவில். மார்ச் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாம். நம் ஊரின் 8ஆம் பிரிவுப் பதிவேடு தயாரா? வெயிலுக்கு ஒதுங்க இந்த ஊரில் சாய்தளமும் கழிப்பறையும் உள்ள குளிர்ந்த கட்டடம் எது? மதிய நேரத்தில் படுக்கையில் உள்ளவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி ஈரத்துணி போட்டுவிட்டு வருவது யார் பொறுப்பு? பதில் என்ன வந்தாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிடுங்கள். மே 1 கூட்டத்தில் அதே பக்கத்தைத் திருப்பிக் காட்டிக் கேட்கலாம்.